தீக்குச்சி நடந்தது!

தீக்குச்சிக்குக் காலுண்டா? கருத்துண்டா? உரசினால் எரியும், எரிந்தால் கரியும். அதற்குமேல் ஏதும் அறியாத மரத்துண்டு அது. அந்த மரத்துண்டு எழுந்து நின்றது, நடந்தது, ஆடியது! மந்திரத்தால் அன்று, மகான் ஒருவர் திருநீறு தூவியதாலும் அன்று. 1915-ஆம் ஆண்டில் மராட்டிய மண்ணில் ஒருவர் கேமராவின் முன்னே அமர்ந்து, குச்சியைச் சிறிதே நகர்த்துவதும் ஒரு படம் எடுப்பதும், மறுபடி நகர்த்துவதும் மறுபடி ஒரு படம் எடுப்பதுமாகப் பாடுபட்டு, உயிரில்லாப் பொருளைத் திரையில் உலவவிட்டார். படத்தின் பெயர் 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்'. தமிழில் சொன்னால் தீக்குச்சிகளின் வேடிக்கை. எடுத்தவர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தாதாசாகேப் பால்கே என்றால் யாவருக்கும் விளங்கும்.

ஸ்டாப் மோஷன் என்று இன்று உலகம் அழைக்கும் இக்கலையை இந்நாட்டில் முதன்முதல் கையாண்டவர்களில் முன்னிற்பவர் அவர். அவர் வரலாற்றை இங்கே நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பட விழாவுக்குப் பாமாலை சூட்டுவதன்று. நெடுநாளாக நம் உள்ளத்தை அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. இல்லாத அசைவை இருப்பதுபோலக் காட்டுவது பொய்யா, கலையா? பொய் என்றால், பொய்யை ஒழிக்கப் புறப்பட்ட நாம் அதைக் கண்டு கைதட்டலாமா? கலை என்றால், கற்சிலை கண் திறந்தது என்று ஊரைக் கூட்டுபவனை மட்டும் ஏன் கண்டிக்கிறோம்? அவனும் இல்லாத அசைவைத்தானே இருப்பதாகக் காட்டுகிறான்!

கேள்வி நமதன்று, இளைஞர் ஒருவருடையது. தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் ஆசிரியப் பணியில் இருக்கிறோம் நாம். மாலை வேளைகளில் நண்பர்கள் சிலர் கூடிப் பேசுவதுண்டு. அங்கேதான் அந்த இளைஞர் சீறினார்: "பால்கே எடுத்த படங்களின் பட்டியலைப் பாருங்கள்! அரிச்சந்திரன், இராமன், கண்ணன், கங்கை இறங்கிய கதை. பக்தியை வெள்ளித்திரையில் ஏற்றி விற்றவரை நாம் ஏன் பாராட்டவேண்டும்?" சீற்றத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆனால் சீற்றம் சிந்தனைக்கு முன்னுரையாக இருக்கலாமே தவிர, முடிவுரையாக இருத்தல் ஆகாது. ஆகவே ஆராய்வோம்.

1870-இல் திரியம்பகத்தில், வடமொழிப் புலவர் ஒருவரின் மகனாக வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர் பால்கே. பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பரோடா கலாபவனிலும் பயின்றார். ஓவியம், ஒளிப்படம், அச்சுக்கலை என்று கண்டதையெல்லாம் கற்றார். ஒளிப்பட நிலையம் வைத்தார், தொழில் ஓடவில்லை. ஏன் தெரியுமா? கேமரா மனிதனின் உயிராற்றலை உறிஞ்சிவிடும், படம் எடுத்துக்கொண்டவன் விரைவில் சாவான் என்று மக்கள் நம்பினர். பாமரர் மட்டுமா நம்பினர்? பரோடா அரண்மனையைச் சேர்ந்த இளவரசரே ஆயுள் குறையும் என்று அஞ்சினாராம்! அவர் அச்சத்தைப் பால்கே பேசிப் போக்கினார். இளவரசர் தெளிந்தார், ஊர் தெளியவில்லை, கடையைக் கட்டவேண்டியதாயிற்று. கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாத இடத்தில் அச்சம் எப்படிக் குடியேறுகிறது என்பதை அவர் ஏட்டில் படித்தவரல்லர். கைப்பணம் இழந்து கற்றவர்.

அதற்குப் பின் அவர் கற்றது என்ன? செப்பிடுவித்தை! 1901-ஐ ஒட்டி, இங்கு வந்த ஜெர்மானிய வித்தைக்காரர் ஒருவரிடம் பயின்று மேடையேறினார். பால்கே என்ற பெயரைத் திருப்பிப் போட்டு 'பேராசிரியர் கெல்ஃபா' என்று விளம்பரம் செய்துகொண்டார். பெயரையே புரட்டிப் போட்டுக் காட்டிய வேடிக்கை மனிதர்! இந்தச் சிறு செய்தியை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்துபோகின்றனர். நாமோ அதைத் திறவுகோல் என்றே கருதுகிறோம். வித்தைக்காரனுக்கும் அற்புதம் புரிவதாகச் சொல்லும் சாமியாருக்கும் கை ஒன்றே, கைப்பழக்கமும் ஒன்றே. வெறுங்கையிலிருந்து காசு வரவழைப்பவன் வித்தைக்காரன். வெறுங்கையிலிருந்து திருநீறு வரவழைப்பவர் சாமியார். வேறுபாடு எங்கே? வித்தை முடிந்து வீடு திரும்பும் கூட்டம், "எப்படிச் செய்தான்?" என்று பேசிக்கொண்டு போகிறது. மடத்திலிருந்து திரும்பும் கூட்டம், "எப்பேர்ப்பட்டவர்!" என்று உருகிக்கொண்டு போகிறது. முன்னது கேள்வி, பின்னது கும்பிடு. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்துகாட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் மறையும்வரை அந்தப் பரிசுப் பணம் அவரிடமே இருந்தது. கோவூர் கேட்டதும் "எப்படி?" என்ற அந்த ஒற்றைச் சொல்லைத்தான்.

1911-இல் ஈஸ்டர் காலத்தில், பம்பாயில் கொட்டகை ஒன்றில் ஏசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார் பால்கே. திரையில் ஏசு நடமாடக் கண்டவர், நம் கடவுளரை இப்படிக் காண்பது என்று என்று ஏங்கினார். பிற்காலத்தில் அவரே இதை எழுதியுள்ளார், நாம் மறைக்கவேண்டியதில்லை. அதன்பின் நாள்தோறும் படம் பார்ப்பது, கருவிகளைப் பிரிப்பது, நூல்களைத் துருவுவது என்று கண் கெடுமளவுக்கு உழைத்தார். பார்வையே போய்விடும் நிலை வந்து, மருத்துவத்தால் மீண்டது. 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார். 'பயாஸ்கோப்' இதழாசிரியரைச் சந்தித்தார். ஹெப்வொர்த் என்னும் படத்தயாரிப்பாளரின் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தார். வில்லியம்சன் கேமரா ஒன்றும், படச்சுருளின் ஓரத்தில் துளையிடும் கருவியும் வாங்கித் திரும்பினார்.

திரும்பியவர் எடுத்த முதற்படத்தில் கடவுள் இல்லை, அரசன் இல்லை, பெண் இல்லை, பாட்டில்லை. ஒரு பட்டாணி விதை! தொட்டியில் விதையை ஊன்றி, கேமராவை எதிரே நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேலாக அதன் வளர்ச்சியை விட்டுவிட்டுப் படம்பிடித்தார். முளை வெடித்து, தண்டு நிமிர்ந்து, கொடியாகப் படரும் காட்சி நிமிடப்பொழுதில் திரையில் ஓடிற்று. பணம் வைத்திருந்தோர் பார்த்தனர், வியந்தனர், கடன் தந்தனர். மந்திரித்த மாங்கொட்டையைக் கூடையால் மூடி மாஞ்செடியாக்கும் தெருவித்தை நம் நாட்டில் பழையது. அதையே செய்தார் இவர். ஆனால் கூடையால் மூடவில்லை!

இங்கே ஒரு சிறு கணக்கு. நாளைக்கு ஒரு படம் வீதம் எடுத்தார் என்று பல நூல்கள் எழுதிவைத்துள்ளன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கும் போலும். ஊமைப்படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. நாளைக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 30 படங்கள்; திரையில் இரண்டே நொடி! கண் சிமிட்டி முடிப்பதற்குள் பட்டாணி காய்த்தே போயிருக்கும். ஒரு நிமிடம் ஓட 960 படங்கள் வேண்டும்; நாளைக்குச் சுமார் 30 படங்கள் எடுத்தால்தான் ஒரு மாதத்தில் அது கைகூடும். நம் மாணவர்கள் கரும்பலகையில் இக்கணக்கைப் போட்டு முடித்தபோது, அச்சில் வந்ததெல்லாம் உண்மையா என்று ஒருவன் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே பால்கேக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

சரி, நின்ற படங்கள் நடப்பது எங்ஙனம்? பார்த்த உருவம் சிறிது நேரம் விழித்திரையில் தங்குகிறது. ஆகவே அசைவு தெரிகிறது என்று பழைய பாடநூல்கள் கூறின. அது போதாத விளக்கம். பால்கே பட்டாணியை நட்ட அதே 1912-இல், மாக்ஸ் வெர்த்தைமர் என்னும் ஜெர்மானிய உளநூலறிஞர் தம் ஆய்வை வெளியிட்டார். ஓரிடத்தில் ஒரு கோட்டைக் காட்டி மறைத்து, நூறில் ஆறு பங்கு நொடி அளவு இடைவெளியில் சற்றுத் தள்ளி இன்னொரு கோட்டைக் காட்டினால், இரண்டு கோடுகளைப் பார்ப்பவர் காண்பதில்லை. ஒரே கோடு நகர்ந்து போவதாகவே காண்கிறார். நகர்ந்தது எது? எதுவுமில்லை! அசைவு திரையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. மூளை அதை ஆக்கிக்கொள்கிறது. பழைய படக்கருவியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மூடி வந்து ஒளியை மறைக்கும். அந்நாளில் கொட்டகையில் கழிந்த நேரத்தில் கணிசமான பங்கு முழு இருட்டு. அதை நாம் அறிவதே இல்லை. இருட்டை இட்டு நிரப்புவது நாமே.

இதை உணர்ந்தால் நம் கேள்வியின் வடிவே மாறிவிடுகிறது. ஏமாற்றியவர் யார் என்று தேடிப் போகிறோம். பாதி வேலையை ஏமாந்தவரே செய்திருக்கக் காண்கிறோம். குற்றமாகவா இதைச் சொல்கிறோம்? இல்லை. மனித மூளையின் அமைப்பு அது. கற்றவருக்கும் அப்படியே, கல்லாதவருக்கும் அப்படியே. விஞ்ஞானியும் திரையில் குச்சி நடக்கத்தான் காண்பார். கண்ணுக்குத் தெரிவதை மாற்ற எந்தக் கல்வியாலும் முடியாது. தெரிவதற்கு நாம் கொடுக்கும் பெயரை மாற்றலாம். 'அற்புதம்' என்பதை 'அமைப்பு' என்று ஆக்கலாம். கல்வியின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

1914-இல் தம் படங்களை எடுத்துக்கொண்டு மீண்டும் இலண்டன் சென்றார் பால்கே. பாராட்டுக் கிடைத்தது. அந்த ஆண்டே உலகப்போர் மூண்டது, ஊர் திரும்பினார். தீக்குச்சிப் படம் அதற்கடுத்த ஆண்டில் எழுந்தது. அவருக்கு முன்பே 1908-இல் பிரெஞ்சுக்காரர் எமீல் கோல் தீக்குச்சிகளை ஆடவிட்டிருந்தார். கோலின் படத்தைப் பார்த்து ஊக்கம் பெற்ற இன்னொருவர் விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச். லிதுவேனியாவில் கௌனாஸ் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். கொம்பு வண்டுகள் பொருதுவதைப் படம்பிடிக்க முயன்றார். விளக்கைப் போட்டால் வண்டுகள் அசையவே மறுத்தன. செத்த வண்டுகளின் உடலில் கம்பியால் கால் பொருத்தி, படம் படமாக நகர்த்திப் போரிடச் செய்தார். 1912-இல் வெளிவந்த அவர் படங்களைக் கண்ட இலண்டன் பத்திரிகையாளர் சிலர், பழக்கப்படுத்திய உயிர் வண்டுகளே நடித்துள்ளன என்று எழுதினராம்! ஏமாளிகள் கீழைநாட்டில் மட்டுமே பிறப்பதாக எண்ணுவோர் இதைக் குறித்துக்கொள்வாராக.

இனி, இளைஞரின் சீற்றத்துக்கு வருவோம். 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது. 1917-இல் 'லங்கா தகன்'. இராமன் திரையில் தோன்றியதும் மக்கள் செருப்பைக் கழற்றினர், விழுந்து வணங்கினர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சென்னையில் வசூலான காசை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலோடு கொண்டுசென்றனர் என்றும் சொல்வார்கள். இராமனாக நடித்தவர் யார்? அண்ணா சாலுங்கே, கிராண்ட் ரோடு உணவகம் ஒன்றில் வேலை பார்த்தவர். சரி, சீதையாக நடித்தவர்? அவரேதான்! பெண்கள் படத்தில் நடிப்பது இழிவு என்று ஊர் கருதிய நாளில், அரிச்சந்திரனின் மனைவியாகவும் அவரே வந்தார். ஒரே ஆள் இருவராகவும் தோன்ற, கொட்டகை முழுதும் கும்பிட்டது.

இந்தக் கும்பிடுக்குப் பால்கே பொறுப்பா? ஆம் என்றும் சொல்லவேண்டும், இல்லை என்றும் சொல்லவேண்டும். கும்பிடு எழும் என்பது அவருக்குத் தெரியும். எழவேண்டும் என்று விரும்பவும் செய்தார். அந்த அளவில் அவர் பொறுப்பாளிதான். அவர் நம்பினார், நம்பியதைக் காட்டினார், நாம் நம்பவில்லை, அதைச் சொல்லத் தயங்கவில்லை.

ஆனால் அடுத்து அவர் செய்ததையும் பாருங்கள். லங்கா தகன் வந்த அதே 1917-இல், திரைப்படம் எப்படித் தயாராகிறது என்பதையே ஒரு படமாக எடுத்தார். இயக்குவது எப்படி, சுருளை ஆராய்வது எப்படி என்று தாமே கேமராவின் முன் நின்று காட்டினார். 1919-இல் 'காளிய மர்தன்'. கண்ணனாக நடித்தவள் அவர் மகள் மந்தாகினி, சிறுமி. படத்தின் தொடக்கத்தில் கண்ணன் வருவதில்லை. அந்தச் சிறுமியின் முகம் வருகிறது. சிரிக்கிறாள், சினக்கிறாள், அழுகிறாள். நடிப்புத் திறனை நமக்குக் காட்டுகிறாள். அதற்குப் பிறகே கதை. "நீங்கள் காணப்போகும் கண்ணன் இந்தப் பெண்குழந்தைதான்" என்று சொல்லிவிட்டுத்தான் பாம்பின் தலைமேல் ஏற்றுகிறார்! எந்தக் கோயிலிலாவது, "இது கல், செதுக்கிய சிற்பி இன்னார், கூலி இவ்வளவு" என்று வாயிலில் எழுதி வைத்த பின் கதவைத் திறக்கிறார்களா? பொய்யனின் முதல் இலக்கணம் பட்டறையைப் பூட்டி வைப்பது. பால்கே பட்டறையைத் திறந்து வைத்தார். அதனால்தான் அவரைப் பக்தர் என்று கூறுவோம். பொய்யர் என்று கூறமாட்டோம்.

"திறந்து காட்டினாரே, பிறகும் கும்பிட்டார்களே! என்ன பயன்?" என்று கேட்பீர்கள். இதற்கு விடை நமக்குக் கிடைத்தது நூலகத்தில் அன்று. நம் பகுதியில் தெருக்கூத்து இன்றும் நடக்கிறது. அரிச்சந்திரன் மயான காண்டத்தில் விடியற்காலையில் அழாத கண் இராது. கூத்துப் பார்த்துவிட்டு வந்த முதிய தாயொருத்தியிடம், "ஏனம்மா, சந்திரமதியாக வேடம் கட்டியவர் பக்கத்து ஊர் ஆள் என்று உங்களுக்குத் தெரியாதா?" என்று வினவினோம். அவர் சிரித்தார். "தெரியாம என்ன வாத்தியாரே? அவன் மீசையை மழிச்சதும் தெரியும், வாங்கின கடனும் தெரியும். ஆனா அந்தப் புள்ளையத் தூக்கிக்கிட்டு அழுதப்ப எனக்கு எம்புள்ள நெனப்பு வந்திருச்சு. அது பொய்யா?"

நாம் வாயடைத்து நின்றோம் என்று எழுதினால் அது அலங்காரம், நின்றது உண்மை. வேடம் வேடம் என்று அறிந்தே அவர் அழுதார். அறிவு ஓரிடத்தில் விழித்திருக்க, உணர்வு இன்னோரிடத்தில் உருகியது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க இயலும்! அறியாமையால் வரும் கண்ணீர் வேறு; அறிந்தே வரும் கண்ணீர் வேறு. முன்னதைத் துடைப்பது நம் கடமை. பின்னதைத் துடைக்க நமக்கு உரிமையில்லை. பகுத்தறிவு பேசும் நம்மிற் சிலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, கலை என்றாலே மயக்கம் என்று முகம் சுளிக்கின்றனர். அது பகுத்தறிவன்று, பகுக்காத அறிவு.

மேலைநாட்டுச் சான்று ஒன்றும் காண்க. ரே ஹாரிஹவுசன் இக்கலையில் பேர்பெற்றவர், 2013-இல் மறைந்தார். 1963-இல் வந்த 'ஜேசனும் ஆர்கோநாட்டுகளும்' படத்தில் எலும்புக்கூடுகள் வாளேந்திப் போரிடும். சில நிமிடமே ஓடும் அக்காட்சிக்கு அவர் செலவிட்டது நான்கு மாதத்துக்கும் மேல். அப்படத்தில் கிரேக்கக் கடவுளர் வருகின்றனர்; சியூஸ் வருகிறார், ஹீரா வருகிறாள். எந்தக் கொட்டகையிலாவது எவராவது செருப்பைக் கழற்றினாரா? இல்லையே! ஏன்? சியூசுக்கு இன்று ஊர்தோறும் கோயிலும் இல்லை, பூசாரியும் இல்லை, படையலும் இல்லை. அங்கே இருந்ததும் கடவுள் வேடம்; இங்கே இருந்ததும் கடவுள் வேடம். ஆகவே செருப்பைக் கழற்றச் செய்தது கேமரா அன்று என்பது தெளிவாகிறது. கொட்டகைக்குள் நுழையுமுன்பே, பிறந்த நாள் முதலே, வீட்டிலும் வீதியிலும் கற்பித்து அனுப்பிய பயிற்சி அது. கேமராவை உடைத்தால் அது போகாது. கேள்வி கேட்கக் கற்பித்தால் போகும்.

எப்படிக் கற்பிப்பது? சொற்பொழிவால் மட்டுமா? நாம் ஒரு சோதனை செய்தோம். வகுப்பில் ஏழெட்டு மாணவர்கள். ஒரு தீப்பெட்டி, சிறிது மெழுகு, புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசி. மருந்தைக் கிள்ளியெறிந்துவிட்டுக் குச்சியை மெழுகில் நிறுத்தினார்கள். நகர்த்து, எடு, நகர்த்து, எடு. ஒருவன் தும்மினான், பத்து நிமிட உழைப்பு பாழ். ஒருத்தி கையை எடுக்க மறந்தாள். படத்தில் குச்சியோடு ஒரு விரலும் வந்துவிட்டது. அதை நீக்கவேண்டாம் என்று நாம் கூறினோம். நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் ஓடவிட்டபோது குச்சி தள்ளாடித் தள்ளாடி நடந்தது. நடுவே மின்னலென ஒரு விரல் வந்து மறைந்தது! சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். "பேய் தள்ளுது" என்றது ஒரு குழந்தை. "பேயில்ல, அது எம்விரலு!" என்று பெருமையோடு கையை நீட்டினாள் அந்த மாணவி.

மறுநாள் அவளே ஓர் ஐயத்தோடு வந்தாள். கைப்பேசியில் அவள் வீட்டாருக்கு ஒரு காட்சி வந்திருந்தது. அம்மன் சிலை கண்ணை இமைக்கிறது. பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் தீங்கு என்று கீழே மிரட்டல். "சார், இதுல விரல் எங்க இருக்குது?" என்று கேட்டாள். விடையை நாம் சொல்லவில்லை. படத்தை மெல்ல ஓட்டிப் பார் என்றோம். பார்த்தாள். இமை மட்டும் அசைகிறது. எதிரே எரியும் விளக்கின் சுடர் அசையவே இல்லை. நின்ற படம் ஒன்றை எடுத்து இமையை மட்டும் வரைந்து ஓட்டியிருக்கிறார்கள் என்று அவளே கண்டுபிடித்தாள். வீட்டில் போய்ச் சொன்னாள், ஏச்சு வாங்கினாள். "வாத்தியார் புள்ளைங்களைக் கெடுக்கிறார்" என்ற சொல்லும் நம் காதுக்கு வந்து சேர்ந்தது. வரட்டும். அதே வீட்டில் அவள் பாட்டி மட்டும், "சுடரு அசையலையா? எங்க காட்டு" என்று கேட்டாராம்.

1995 செப்டம்பர் 21-ஐ மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் நாடெங்கும் பரவியது. கடல் கடந்தும் போயிற்று. கரண்டியில் இருந்த பால் பரப்பு இழுவிசையால் சிலையின் மேற்பரப்பைத் தொட்டு, வழிந்து கீழே ஓடிற்று என்று அறிவியலாளர் வண்ணப்பொடி கலந்து காட்டினர். அன்று ஊரை நம்பவைக்க ஒரு சிலையும் ஒரு கரண்டியும் வேண்டியிருந்தன. இன்று அவையும் வேண்டா. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் எவர் முகத்தையும் எவர் குரலையும் வைத்து ஆக்கிவிடுகின்றன. செத்த வண்டை நடக்கவைக்க ஸ்டாரெவிச்சுக்கு எத்தனையோ நாட்கள் தேவைப்பட்டன. உயிருள்ள மனிதரைப் பொய் பேசவைக்க இன்று சில நொடிகள் போதும். அதில் விரலும் தெரியாது, நூலும் தெரியாது. பட்டறை பூட்டப்பட்டுவிட்டது, சாவி எவரிடம் என்பதும் தெரியவில்லை. கடவுளின் பெயரால் மட்டுமன்று. கட்சியின் பெயரால், சாதியின் பெயரால், நம் பெயராலும்கூட அந்தப் பட்டறையில் சரக்கு தயாராகும். நமக்கு உவப்பான பொய் வந்தால் மட்டும் நாம் சுடரைப் பார்க்க மறப்போமா? அந்தச் சோதனை நமக்கு இனிமேல்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நடந்த குச்சிக்குப் பின்னே ஒரு கை இருந்தது என்கிறோம். பால்கேயின் படங்களுக்குப் பின்னே இன்னொரு கையும் இருந்தது. அவர் மனைவி சரசுவதிபாயின் கை. வாங்கி வந்த சுருளுக்கு இருட்டறையில் அமர்ந்து ஓரத்துளை இட்டது அந்தக் கை. மருந்து கலந்து படச்சுருளைக் கழுவியதும், வெயிலில் வெள்ளைத்துணி பிடித்து நின்றதும், அறுபது எழுபது பேருக்குச் சோறு பொங்கியதும் அந்தக் கையே. பணம் முடை வந்தபோது நகைகளைக் கழற்றித் தந்ததும் அதுவே. பட்டறையைத் திறந்து காட்டியவரும் இந்தக் கையைத் திரையில் போதிய அளவு காட்டவில்லை. பரிசுக்குக் கணவர் பெயர் வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

90-க்கு மேற்பட்ட முழுநீளப் படங்களை எடுத்த பால்கே, பங்காளிகளோடு பிணங்கிக் காசிக்குப் போனார், நாடகம் எழுதினார், திரும்பினார். பேசும்படம் வந்தது, காலம் அவரைக் கடந்தது. 1937-இல் வந்த 'கங்காவதரண்' அவருடைய கடைசிப் படம். 1944 பிப்ரவரி 16-இல் நாசிக்கில் வறுமையில் மறைந்தார். 1969-இல் அரசு அவர் பெயரால் விருது ஏற்படுத்தியது. அவர் காலத்துச் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றுபவை, பற்றாவிட்டாலும் தாமே பொடிந்து போகுபவை. தீக்குச்சிப் படம் இன்று கிடைக்கவில்லை. திரைப்படம் எப்படித் தயாராகிறது என்று அவர் எடுத்த படத்தின் துண்டுகள் சில எஞ்சியுள்ளன. நம் மாணவர்களுக்கு அதைக் காட்டினோம். வெள்ளைக்காரர் ஆட்சிக்காலத்து மனிதர் ஒருவர் படச்சுருளைக் கையில் பிடித்து உற்றுப் பார்க்கிறார். "சார், அவரு எதைப் பாக்கறாரு?" என்றான் ஒருவன். விரல் பட்டிருக்கிறதா என்று பார்க்கிறாரோ என்னவோ என்றாள் அந்த மாணவி.